நடக்காமல் போனவற்றின் கணக்கு

திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு இந்து நாகரிகம் படிப்பித்த காலம் முழுவதும் பிள்ளைகள் ஓர் இடத்தில் தடக்குப்படுவதைக் கண்டிருக்கிறேன். அறிவைப் பெறும் வழிகளான அளவைகளைச் சொல்லிக்கொண்டு போவோம். காண்டல் உடனே விளங்கும். புகையையும் நெருப்பையும் சொன்னால் கருதலும் விளங்கும். உரையிலும் சிக்கல் இல்லை. அபாவம், அதாவது இன்மை, என்றதும்தான் பேனைகள் நிற்கும். மேசையில் புத்தகம் இல்லை என்பதை எப்படி அறிந்தோம்? கண் கண்டது மேசையை மட்டும். இல்லாத புத்தகத்தை அது எங்கே கண்டது? இதை அறியத் தனி அளவை வேண்டும் என்றார் குமாரில பட்டர். தேவையில்லை என்றார் பிரபாகரர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அபாவத்தையும் எண்ணிக் காட்டி, முடிவில் எல்லாவற்றையும் மூன்று அளவைக்குள் அடக்கினார். பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

ஒரு நாள் பின்வாங்கில் இருந்த பையன் எழும்பினான். பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியில் சென்டர் பெக், பின்களத்தில் நின்று மறிப்பவன். முழங்கையில் உராய்ந்த காயம் இன்னும் காயவில்லை.

“சேர், நேற்றைய மெட்ச் பூச்சியத்துக்குப் பூச்சியம். உள்ள போக வேண்டிய பந்து நாலைஞ்சை நான் மறிச்சனான். அந்த நாலைஞ்சு கோலும் இப்ப எங்க இருக்கு?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வினையைப் பற்றி அதுவரை நான் படிப்பித்ததெல்லாம் அந்தக் கேள்விக்குள் வந்து நின்றது. செய்த வினைக்குப் பயன் உண்டு என்கிறோம். ஒன்று நடக்காதபடி மறித்தவன் என்ன வினை செய்தான்? மறித்தபின் அங்கே எதுவும் இல்லையே. இல்லாத ஒன்றுக்கு என்ன பயன்? அந்தப் பயன் யாரைச் சேரும்?

பலனில் பற்று வையாதே என்ற கீதையின் உபதேசத்தை இதற்கு மறுமொழியாகச் சொல்வார்கள். அது வேறு விஷயம். துறப்பதற்கு ஒரு பலன் கண்முன்னே இருப்பவனுக்குச் சொன்ன உபதேசம் அது. கோல் அடித்தவன் அந்தப் பெருமையைத் துறக்கலாம். பெக்குக்குத் துறப்பதற்கே ஒன்றுமில்லை.

இந்தக் கேள்வியோடு நான் அதிகம் நினைத்த ஆட்டக்காரர் எங்கள் ஊரவர் அல்லர், மன்னாரவர். டக்சன் பியூஸ்லஸ். மன்னாரில் உதைபந்து பழகி, இலங்கைத் தேசிய அணியின் பின்களத்துக்கு உயர்ந்து, மாலைதீவுக் கழகங்களுக்கு ஆடப்போனவர். நம் நாட்டில் இந்த ஆட்டத்தை நம்பிச் சீவிக்க முடியாது. அதனால் நல்ல ஆட்டக்காரர் பலர் மாலேக்கு விமானம் ஏறுகிறார்கள். பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த கழகம், அடுத்த அறை. பார்வேர்டாக ஆடுபவன் பேரம் பேசும்போது இத்தனை கோல் அடித்தேன் என்று ஓர் எண்ணை மேசையில் வைக்கலாம். பெக் எதை வைப்பான்? தான் நின்றதால் விழாத கோல்களின் எண்ணிக்கை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. உடம்பை விற்றுப் பிழைக்கும் தொழிலாளிகளுக்குள்ளும் கையில் சான்றே இல்லாத தொழிலாளி அவன்.

2021 ஒக்டோபரில் மாலேயில் தெற்காசியக் கிண்ணப் போட்டி நடந்தது. டக்சன் இலங்கை அணியில் இருந்தார். பங்களாதேசத்திடம் 0-1, நேபாளத்திடம் 2-3, மாலைதீவிடம் 0-1 என்று இலங்கை தோற்றது. ஒக்டோபர் 7ஆம் திகதி இந்தியாவுடன் நடந்த ஆட்டம் மட்டும் 0-0. உலகத் தரவரிசையில் 200க்கும் கீழே கிடந்த அணி, பிறகு அந்தக் கிண்ணத்தையே வென்ற அணியைக் கோல் போடவிடாமல் 90 நிமிடமும் மறித்தது. நான்கு ஆட்டங்களில் இலங்கைக்குக் கிடைத்த ஒரே புள்ளி, ஒரு கோலும் அடிக்காமல் கிடைத்த புள்ளி. அந்த இரவைப் பற்றி இன்று யாராவது பேசுகிறார்களா? பேசுவதற்கு என்ன நடந்தது என்று கேட்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் அங்கே நடந்தது.

2022 பெப்ரவரியில் டக்சன் மாலேயில் இறந்துபோனார். முப்பதுகளின் தொடக்கம். செய்தி வந்த அன்று முகம் தெரியாத அந்தப் பிள்ளைக்காக எங்கள் ஊர்க் கோணேசர் சந்நிதியில் நின்று அழுதேன். அவர் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர் என்பது அப்போது நினைவிலே வரவில்லை.

பெக்கின் விதி உலகம் முழுக்க இதுதான். சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருது 1956 முதல் கொடுக்கப்படுகிறது. அதைப் பெற்ற பின்கள வீரர்கள் மூன்றே பேர்: பெக்கன்பவர், சாமர், கன்னவாரோ. பெக்கின் பெயர் ஊரறிய ஒலிப்பது பெரும்பாலும் அவன் தவறும்போதுதான். கொலம்பியாவின் அந்திரேஸ் எஸ்கோபார் அதற்குச் சாட்சி. 1994 யூன் 22 அன்று உலகக் கிண்ணத்தில், அமெரிக்காவுடனான ஆட்டத்தில், குறுக்கே வந்த பந்தை மறிக்கக் கால் நீட்டினார். பந்து தன் கோலுக்குள்ளேயே போயிற்று. யூலை 2ஆம் திகதி மெடெயின் நகரத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 27. அதற்கு முன் அவர் மறித்த பந்துகளை யாரும் எண்ணி வைத்திருக்கவில்லை; மறிக்கத் தவறிய ஒன்றை உலகமே எண்ணி வைத்திருக்கிறது.

அமெரிக்கர்களின் ஃபுட்போல் வேறு ஆட்டம். அங்கே மறிப்பதற்கென்றே தனி அணி களமிறங்கும். பந்தை எறியும் எதிரணிக் குவாட்டர்பெக்கை, அவர் எறியும் முன்பே பந்தோடு விழுத்துவதற்கு ‘சாக்’ என்று பெயர். அதையும் ஆட்டக்காரர் பெயரில் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982இல்தான். அதற்கு முன் ஆடி ஓய்ந்தவர்களுக்கு அந்த எண்ணே கிடையாது. தந்தை வழியில் இந்தியரான பிராண்டன் சில்லர் அந்த ஆட்டத்தில் மறிக்கும் அணியின் லைன்பேக்கர். 2004 முதல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ், 2008 முதல் கிரீன் பே பேக்கர்ஸ். 2010 பருவத்தின் நடுவில் காயப்பட்டு வெளியேறினார். 2011 பெப்ரவரியில் அவரது அணி சுப்பர் போல் கிண்ணத்தை வென்றபோது அவர் களத்தில் இல்லை. அந்த வெற்றியில் அவருக்குப் பங்கு உண்டா? காயப்படும்வரை அவர் மறித்தவற்றை மறிக்காமல் விட்டிருந்தால் அணி அந்த இடத்துக்கு வந்திருக்குமா? இதை எண்ணிச் சொல்ல மனிதரிடம் கருவி இல்லை.

எங்கள் முன்னோரிடம் சிந்தனைக் கருவி இருந்தது. நியாய வைசேடிகர் இன்மையை ஒரு பதார்த்தமாகவே கொண்டு நான்கு வகையாகப் பிரித்தார்கள். அதில் முதலாவது பிராகபாவம், அதாவது முன்னின்மை. குடம் வனைவதற்கு முன் இருக்கும் குடத்தின் இன்மை. அதற்குத் தொடக்கம் இல்லை, முடிவு உண்டு. குடம் தோன்றும் கணத்தில் அது முடிகிறது. இதை மைதானத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். விசில் ஊதும்போது கோலின் முன்னின்மை ஏற்கெனவே அங்கே இருக்கிறது. பார்வேர்ட் அதை முடித்துவைக்க ஓடுகிறான். பெக் அது முடியாமல் காக்க ஓடுகிறான்.

பிற்கால நியாய நூல்களில் இதைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. துன்பத்தின் முன்னின்மையே முத்தி என்று பிரபாகர மரபினர் சிலர் சொன்னார்கள். எதிர்க்கட்சியார் மடக்கினார்கள்: முன்னின்மைக்குத் தொடக்கமே இல்லை; தொடக்கமில்லாத ஒன்றை முயற்சியால் எப்படி உண்டாக்குவீர்? உண்டாக்க வேண்டியதில்லை, அழியாமல் காத்தாலே அது முயற்சியின் பயன்தான் என்று மறுமொழி வந்தது. இல்லாததைப் பெறுவது யோகம், இருப்பதைக் காப்பது க்ஷேமம், இரண்டும் செயலே. முத்தியைப் பற்றிய அவர்களின் முடிவை நான் ஏற்கவில்லை. சைவ சித்தாந்தியின் முத்தி துன்பம் இல்லாமை மட்டுமல்ல, சிவானந்தப் பேறு. ஆனால் காத்தலும் வினையே என்று நிறுவிய அந்த ஓர் அடியை நான் விடமாட்டேன். பின்வாங்குப் பையனுக்கு நான் சொன்ன முதல் மறுமொழி அதுதான்: தம்பி, நீ ஒன்றும் செய்யாமல் நிற்கவில்லை, இருந்த ஒன்றை இருக்கவைத்தாய்.

அதே வகுப்பில் முன்வாங்கில் ஒரு பார்வேர்டும் இருந்தான். அவன் விடுவானா? “சேர், இவன் மறிக்காட்டியும் அவங்கள் வெளியால அடிச்சிருப்பாங்கள் எண்டா?”

கூர்மையான கேள்வி. காத்தவனின் நெஞ்சை அறுக்கும் கேள்வியும் இதுதான். கோல் அடித்தவனுக்கு வலையில் கிடக்கும் பந்து சாட்சி. காத்தவன் தன் செயல் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று காட்ட வேண்டும். அந்த நடக்காத உலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர எவராலும் முடியாது. காண்டலும் இல்லை, உறுதியான கருதலும் இல்லை.

சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரத்தை ஒட்டி நம் ஆசிரியர்கள் சொல்வது இங்கே எனக்குக் கைகொடுக்கிறது. வினை சடம். அது தானாகவே வழி கண்டு செய்தவனிடம் வந்து சேராது. அறிவுடைய ஒருவன் கூட்டுவிக்க வேண்டும். வினை ஈட்டப்படுவதும் உடம்பால் மட்டுமல்ல. மனம், வாக்கு, காயம் மூன்றாலும். மறிக்க வேண்டும் என்று மனம் வைத்துக் குறுக்கே உடம்பைப் போட்ட கணத்திலேயே அவன் வினை முடிந்துவிட்டது. பந்து வெளியால் போயிருக்குமா உள்ளே போயிருக்குமா என்பது பயனைக் கூட்டுவிப்பவன் அறிவான். அந்த அறிவு நடுவரிடமும் இல்லை, பார்வையாளரிடமும் இல்லை. நான் இறைவனை நம்புவதற்கு இது ஒரு காரணம். நடந்தவற்றின் கணக்கை மனிதரே ஒருவாறு எழுதிவிடுவார்கள். நடக்காமல் போனவற்றின் கணக்கை எழுத ஒருவன் இல்லையென்றால், இந்த உலகத்தில் காத்தவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி தீரவே தீராது.

ஐந்தொழிலில் காத்தலும் ஒன்று, மறைத்தலும் ஒன்று. இறைவனே தன் காத்தலை மறைத்துத்தான் செய்கிறான். பத்திரகாளி அம்மன் வாசலில் ஒரு வெள்ளிக்கிழமை நின்று பாருங்கள். நோய் மாறியதற்கு நேர்த்தி, பிள்ளை பிறந்ததற்கு நேர்த்தி, விபத்தில் தப்பியதற்கு நேர்த்தி. நோயே வராத ஆண்டுக்கு யார் தேங்காய் உடைக்கிறார்கள்? டச்சுக் குடாப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் பிள்ளைகளுக்குக் காவல் சம்மனசைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பார்கள். கண்ணில் படாமல் கூடவே வருகிறவர் என்று. அந்தப் பிள்ளைகள் என் வகுப்புப் பிள்ளைகளை விட இந்த விஷயத்தில் முந்தியிருந்தார்கள்.

காத்தலைப் பற்றி நான் முதலில் படித்த புத்தகம் என் அப்பாவின் காவல் புத்தகம். அப்பாவுக்குத் துறைமுக வாயிலில் இரவு வேலை. கடுதாசி மட்டை போட்ட நீளமான பதிவேடு, ஓரத்தில் சிவப்புக் கோடு. மணித்தியாலத்துக்கு ஒரு வரி. நேரத்தை எழுதி, எதிரே ‘ஓல் கரெக்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, சின்னக் கையெழுத்து. பக்கம் பக்கமாக அதே வரி. மழை இரவுகளில் மட்டும் எழுத்து கொஞ்சம் ஊறியிருக்கும். பழைய புத்தகம் ஒன்று எப்படியோ வீட்டுக்கு வந்திருந்தது. அதை நான் கதைப்புத்தகம் போலப் புரட்டி, கதை எங்கே என்று தேடுவேன். விடிய அவர் சைக்கிளைச் சாத்தும்போது அம்மா கேட்பா, “என்னப்பா, ஏதும்?” “ஒண்டுமில்லை.” அவ்வளவுதான். தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். பின்னாளில் 1983 முதல் 2009 வரையான போர் ஆண்டுகளை இந்த ஊரில் இருந்து கடந்தவர்களுக்கு, ஒன்றுமில்லை என்று விடியும் ஒரு நாளின் பெறுமதியை யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

இந்தத் துறைமுகமே அப்படியான ஒரு காவல்தான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் இதற்காக அடிபட்டது இங்கே பொருள் விளைகிறது என்பதற்காக அல்ல. எதிரியின் கப்பல் இங்கே தங்கிவிடக் கூடாது என்பதற்காக. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் குண்டு போட்ட நாளை எங்கள் பாட்டிமார் ஆண்டுக் கணக்காகச் சொன்னார்கள். குண்டு விழாத நாட்களைப் பற்றி அவர்களும் சொன்னதில்லை.

காத்தலைப் பற்றிப் பேசும்போது கோணேசர் கோயிலைப் பற்றியும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1620களில் போர்த்துக்கேயர் சுவாமிமலையில் இருந்த பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களால் கோட்டை கட்டினார்கள். இடிபடுவதற்கு முன்போ இடிபடும் வேளையிலோ யாரோ சிலர் செப்புத் திருமேனிகளைத் தூக்கிக்கொண்டு போய் மண்ணில் புதைத்தார்கள். 1950இல், கோட்டைக்குக் கிட்டக் கிணறு வெட்டிய இடத்தில், அவை வெளிப்பட்டன. புதுக் கோயில் எழுந்து 1963இல் குடமுழுக்கு நடந்தது. புதைத்தவர்கள் மூன்று நூற்றாண்டுக்கு முன்பே மண்ணோடு போனவர்கள். தங்கள் செயல் பலித்ததா என்பதை அவர்கள் அறியாமலே செத்தார்கள். ஒரு கல்வெட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. இடித்த தளபதியின் பெயர் மட்டும் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது: கொன்ஸ்தந்தீனு த சா. சோமாஸ்கந்தர் முன்னால் கற்பூரம் காட்டும்போது நான் அந்தப் பெயரில்லாதவர்களையும் சேர்த்தே கும்பிடுகிறேன். அவர்கள் செய்தது கலப்படமில்லாத காத்தல். உண்டாக்கவும் இல்லை, வெல்லவும் இல்லை. அழியவிருந்த ஒன்றை அழியாமல் இருக்கவைத்தார்கள்.

ஆனால் மறித்தவர் எல்லாரும் காத்தவர் ஆகிவிட மாட்டார்கள். இதையும் வகுப்பில் சொல்லித்தான் விட்டேன். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போய்க் கும்பிட உரிமை கேட்டு நின்றபோது குறுக்கே நின்று மறித்தவர்களும் கோயிலைக் காக்கிறோம் என்றே சொன்னார்கள். அது காத்தல் அல்ல, பாவம். எப்படிப் பிரித்தறிவது? என்னளவில் இப்படிச் சொல்வேன்: காக்கிறவன் தன் உடம்பைக் குறுக்கே போடுகிறான், தான் ஏதாவது இழக்கிறான், அவன் காத்தது எல்லாருக்கும் கிடைக்கிறது. வாசலை மறித்தவர்கள் எதையும் இழக்கவில்லை. அடுத்தவருடைய பங்கைத் தங்களுக்கென்று வைத்திருந்தார்கள். மைதானத்திலும் அப்படித்தான். பந்தை மறிப்பவன் வேறு, ஆளின் காலை முறிப்பவன் வேறு.

கழகம் கழகமாகப் போகும் பின்கள ஆட்டக்காரனை இந்த வெளிச்சத்தில் பார்க்கும்போது எனக்கு அவன் மேல் மரியாதை கூடுகிறது. கோயிற் சிலையைப் புதைத்தவனுக்குத் தன் ஊர், தன் தெய்வம் என்ற பற்று இருந்தது. என் அப்பாவுக்கு முப்பது வருடமும் ஒரே வாயில். மாலேயில் ஆடப்போன டக்சனுக்கு? போன பருவம் யாருக்கு எதிராகக் காத்தாரோ, இந்தப் பருவம் அவர்களுக்காகக் காக்க வேண்டியும் வரலாம். கோல் கம்பம் மட்டும் மாறுகிறது. கூலிக்குத்தானே என்று சொல்லலாம். கூலி உண்மைதான், வீட்டில் பசி உண்டு. ஆனால் பந்து வரும் அந்தக் கணத்தில் கூலியை நினைத்து ஒருவனும் தலையைக் கொடுக்க மாட்டான். தனக்கென்று எதுவும் இல்லாத கோலை, தன் பெயர் பதியாத ஆட்டத்தில், முழு மனதோடு காக்கிறான். பற்றற்ற வினைக்கு உரைநூல்களில் நான் தேடிய உதாரணம் இதைவிட நன்றாக எனக்குக் கிடைக்கவில்லை.

கணக்கு எழுதுபவன் ஒருவன் இருக்கிறான் என்பதற்காக நாம் எழுதாமல் விட்டுவிடலாமா? கூடாது என்பது என் தீர்ப்பு. அவன் கணக்கு அவனிடம். நம் நன்றி நம்மிடம்.

ஆகவே திருகோணமலைக் கழகச் செயலாளர்களிடமும் பள்ளிக்கூட விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். இறுதியாட்டங்களில் அதிக கோல் அடித்தவருக்கு ஒரு கிண்ணம் வைக்கிறீர்கள். பின்களத்தில் நின்றவருக்கும் ஒன்று வையுங்கள். அதைவிட முக்கியமாக, ஸ்கோர் புத்தகத்தில் கோல் அடித்தவர் பெயரை எழுதும் பக்கத்தில் ஒரு வரி கூட்டுங்கள். கோல் விழாமல் முடிந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அன்று பின்களத்தில் நின்ற பிள்ளைகளின் பெயரை, ஒருவரையும் விடாமல், முழுப் பெயராக எழுதி வையுங்கள். இந்தப் பருவத்திலிருந்தே தொடங்குங்கள்.